புழுவின் வயிற்றில் இருக்கும் நஞ்சு

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வில் ஆற்றிய உரை)



டொக்டராக இருக்கும் பழைய மாணவி ஒருவர் மேடையேறினால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று பலர் நினைத்திருப்பீர்கள். அதற்குக் கிளினிக் இருக்கிறது. இன்று நாம் புழுவைப் பற்றிப் பேசப் போகிறோம். சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது என்பது தெரியும். இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பொகவந்தலாவை மண்ணில் பிறந்து வளர்ந்த நமக்கும் இந்தப் புழுக்களுக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

நூல்போல மெலிந்த, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் வட்டப்புழுக்களை நூற்புழுக்கள் என்கிறோம். தேயிலை மலையில் அவற்றுள் மூன்று கூட்டத்தாரைப் பார்க்கலாம்.

முதற் கூட்டம் நம் உடம்புக்குள் புகுவது. கொளுக்கிப்புழு. வெறுங்காலோடு மலைக்குப் போன நம் பாட்டிமாரின் பாதத்தைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி இரத்தம் குடித்தது. கொழுந்து எடுக்கும் பெண்ணின் வெளிறிய நகத்துக்கும், மேட்டில் ஏறும்போது வாங்கும் மூச்சுக்கும், பிள்ளைப்பேற்றின்போது உயிரையே பறித்த இரத்தசோகைக்கும் பின்னால் பல வேளை இந்தப் புழு இருந்தது. 1916இல் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் இதற்கு எதிரான இயக்கம் தொடங்கியது. புழு மருந்து கொடுப்பதும் கழிப்பறை கட்டச் சொல்லி வற்புறுத்துவதும் அதன் வேலைகள். பாடசாலையில் வரிசையில் நிற்கவைத்துப் புழு மாத்திரை கொடுத்த நாட்கள் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வரிசைக்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

இரண்டாவது கூட்டம் தேயிலையின் வேரைத் தின்பது. மேல்நாட்டுத் தேயிலைக்குப் பெரும் தொல்லை தரும் வேர்ப்புழு ஒன்றுக்கு பிரட்டிலெங்கஸ் லூசி என்று பெயர். 1960இல் நம் நாட்டுத் தேயிலையிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டது. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் இதைப் படித்த லூஸ் என்பவரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். செடி மஞ்சளடித்து, வளராமல் நிற்கும். பசளை போட்டாலும் தேறாது.

மூன்றாவது கூட்டம்தான் இன்றைய கதை. இவை மனிதரைத் தொடுவதில்லை, வேரையும் கடிப்பதில்லை. பூச்சியைத் தேடிப்போய்க் கொல்லும். உண்மையில் கொல்வது புழு அல்ல, அதன் வயிற்றில் குடியிருக்கும் பற்றீரியா.

எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு மில்லிமீற்றர் நீளம்கூட வராத இளம் நூற்புழு மண்ணில் காத்திருக்கிறது. வாய் மூடியிருக்கும். சாப்பாடு கிடையாது. உள்ளே சேர்த்துவைத்த கொழுப்பை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தவம் கிடக்கும். ஒரு வண்டின் குடம்பியோ அந்துப்பூச்சியின் குடம்பியோ கிட்ட வந்தால், அதன் வாய் வழியாகவோ, மலவாய் வழியாகவோ, மூச்சுத் துவாரம் வழியாகவோ உள்ளே நுழையும். நுழைந்ததும், வயிற்றில் சுமந்துவந்த பற்றீரியாவைப் பூச்சியின் இரத்தத்தில் விட்டுவிடும். பற்றீரியா பெருகி நஞ்சைக் கக்கும். பூச்சியின் நோயெதிர்ப்பை அடக்கும். ஒன்று இரண்டு நாளில் பூச்சி செத்துப்போகும்.

அதன்பிறகுதான் குடித்தனம் ஆரம்பம். செத்த பூச்சியின் உடலைப் பற்றீரியா கூழாக்குகிறது. நூற்புழு அந்தக் கூழையும் பற்றீரியாவையும் தின்று குஞ்சு பொரிக்கிறது. வேறு கிருமிகளோ பூஞ்சணமோ வந்து அந்தச் சாப்பாட்டைக் கெடுத்துவிடாதபடி பற்றீரியா நுண்ணுயிர்க்கொல்லிகளைச் சுரக்கிறது. எறும்புகூடக் கிட்ட வராத மாதிரி ஒரு பொருளையும் சுரக்கிறது. அதனால் செத்த பூச்சி நாறுவதில்லை. இரண்டு மூன்று தலைமுறை கழிந்து உணவு தீர்ந்ததும், பெரிய குடம்பியாக இருந்தால் இலட்சக்கணக்கான இளம் புழுக்கள் மறுபடி மண்ணுக்கு வரும். ஒவ்வொன்றும் தன் பங்குப் பற்றீரியாவை வயிற்றில் கட்டிக்கொண்டுதான் புறப்படும். மணமான பெண் தாய்வீட்டிலிருந்து உறைமோர் கொண்டுபோவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டத்தில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஸ்டைனர்னீமா என்ற புழுவின் கூட்டாளி செனோராப்டஸ் என்ற பற்றீரியா. ஹெட்டரோராப்டிட்டிஸ் என்ற புழுவின் கூட்டாளி போட்டோராப்டஸ். பின்னது ஒளிரும் பற்றீரியா. அதனால் செத்த பூச்சி செங்கல் நிறமாகும். இருட்டறையில் கண் பழகியபின் பார்த்தால் மெல்லிய ஒளி தெரியும். 1929இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் ஒரு கோல்ப் மைதானத்துப் புல்லின் கீழ் வண்டுக் குடம்பிகள் செத்துக் கிடந்ததைப் பார்த்து இந்தப் புழுக்களைப் பயன்படுத்தலாம் என்று முதலில் யோசித்தவர் கிளேசர் என்ற விஞ்ஞானி. நம் பக்கத்துக் கதையும் உண்டு. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்து ஆய்வாளர்கள் அந்த ஊர் மண்ணில் கண்டெடுத்த புழுவுக்கு 1992இல் ஹெட்டரோராப்டிட்டிஸ் இண்டிக்கா என்ற பெயர் கிடைத்தது. இன்று வெப்ப நாடுகள் பலவற்றில் பயிர் காக்கும் வேலையில் இருப்பது அந்தப் புழு. ஒப்பந்தத்தின்படி இந்தியா போய், நீலகிரியிலும் கோவையிலும் குடியேறிய நம் அக்காமார் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள்.

இதுவரை கேட்டது ஒற்றுமையின் கதை. இனிக் கேட்கப்போவது அதே கூட்டின் மறுபக்கம்.

ஒரு புழுவின் பற்றீரியாவை எடுத்து இன்னொரு புழுவுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரே குடும்பத்துப் புழுதானே, ஒத்துப்போகும் என்று நினைப்போம். ஆய்வுகூடத்தில் செய்து பார்த்தார்கள். நெருங்கிய உறவுள்ள இனத்தின் பற்றீரியா என்றால் சில வேளை சமாளித்துக்கொள்ளும். உறவு தூரமாகத் தூரமாகப் புழு வளர்வதில்லை, குஞ்சு பொரிப்பதில்லை, சில சேர்க்கைகளில் செத்தே போகிறது. தன் வீட்டுப் புழுவுக்கு அமுதமாக இருக்கும் அதே பற்றீரியா அடுத்த வீட்டுப் புழுவுக்கு நஞ்சாகிறது. ஒரே பூச்சிக்குள் இரண்டு குடும்பத்துப் புழுக்களும் நுழைந்துவிட்டால், பெரும்பாலும் ஒன்றுதான் பிழைத்து வெளியே வரும்.

அந்த நஞ்சு எது என்றும் தேடினார்கள். கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் ஜோன் வெப்ஸ்டர் என்பவரின் குழு 1999இல் ஒரு முடிவை வெளியிட்டது. போட்டோராப்டஸ் சுரக்கும் ஸ்டில்பீன் வகைப் பொருள் ஒன்றை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். ஒரு மில்லிலீற்றருக்கு 100 மைக்கிரோகிராம் என்ற அளவில் அது வேறு சில நூற்புழுக்களை ஏறக்குறைய முழுவதுமாகக் கொன்றது. ஆனால் போட்டோராப்டஸைச் சுமக்கும் ஹெட்டரோராப்டிட்டிஸ் குடும்பத்துப் புழுவின் இளநிலைகள் இரண்டு மடங்கு அளவிலும் அசையாமல் தாக்குப்பிடித்தன. பின்னர் 2008இல் வந்த இன்னோர் ஆய்வு, அந்தப் புழு ஒழுங்காக வளர்வதற்கே இதே ஸ்டில்பீன் வேண்டியிருக்கிறது என்று காட்டியது. மற்றப் புழுவுக்குச் சாவோலை, தன் புழுவுக்கு "வந்து சேர்ந்துவிட்டாய், இனி வளரலாம்" என்ற செய்தி.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். மருத்துவக் கல்லூரியிலும் அதையே வேறு வார்த்தைகளில் படித்தோம். அளவோடு, யாருக்கு என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது இந்தப் புழு.

சொந்தப் புழுவோடும் உறவு எப்போதும் சுமுகம் அல்ல. தாய்ப்புழுவின் கடைசிக் காலத்தில் முட்டைகள் வெளியே வராமல் உள்ளேயே பொரித்து, குஞ்சுகள் தாயையே தின்று வளர்கின்றன. அந்தத் தாயின் குடலில் ஒட்டியிருக்கும் சில பற்றீரியாக்களில் இருந்துதான் அடுத்த தலைமுறைக்குச் சீதனம் போகிறது. பூச்சியைக் கொல்லும்போது மூர்க்கமாக இருக்கும் பற்றீரியா, தாய்ப்புழுவுக்குள் இருக்கும்போது சின்னதாக, சாதுவாக, மெதுவாக வளர்கிறது. ஒரே உயிர் எப்படி இரண்டு குணம் காட்டுகிறது? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2012இல் விடை சொன்னார்கள். அதன் டிஎன்ஏயில் ஒரு சிறு துண்டு முன்பின்னாகத் திரும்புகிறது. மின்விளக்கின் சுவிட்சைப் போல ஒரு பக்கம் திரும்பினால் கொலையாளி, மறுபக்கம் திரும்பினால் விருந்தாளி.

மருத்துவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது.

மற்றப் புழுவைக் கொல்லும் என்று சொன்ன அந்த ஸ்டில்பீன் இன்று ஒரு தோல் மருந்து. சொரியாசிஸ் என்ற செதில் நோய்க்குப் பூசும் களிம்பாக 2019இல் சீனாவிலும், டாபினரோஃப் என்ற பெயரில் 2022இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இது ஸ்டெரொயிட் அல்ல. தோலின் உயிரணுக்களில் உள்ள ஓர் ஏற்பியைத் தொட்டு அழற்சியைத் தணிக்கிறது. பூச்சியின் பிணத்துக்குள் ஒரு பற்றீரியா தன் குடும்பத்துக்காகச் சுரந்த பொருள் இன்று மனிதரின் முழங்கையில் ஏறியிருக்கிறது.

இன்னொன்று. நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குப் பணியாத கிருமிகளால் வைத்தியசாலைகள் தவிக்கும் காலம் இது. 2019இல் பொஸ்ரனில் உள்ள நோர்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று போட்டோராப்டஸிலிருந்து டரோபாக்டின் என்ற பொருளைக் கண்டெடுத்தது. ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்ற பிடிவாதக் கிருமிகளின் வெளிச்சுவரை அது தாக்குகிறது. இன்னும் நோயாளியின் கட்டிலுக்கு வரவில்லை. ஆனாலும் புது வழியைத் தேடும் இடங்களில் புழுவின் வயிறும் ஒன்றாகிவிட்டது.

நோய்தரும் புழுவுக்குள்ளும் பற்றீரியாக் கூட்டாளி உண்டு. யானைக்கால் நோய்ப் புழுவுக்குள் வோல்பாக்கியா என்ற பற்றீரியா குடியிருக்கிறது. அதில்லாமல் அந்தப் புழுவால் குஞ்சு பொரிக்கவும் நெடுநாள் வாழவும் முடியாது. டொக்சிசைக்கிளின் மாத்திரையை வாரக்கணக்கில் கொடுத்துப் பற்றீரியாவைக் கொன்றால் புழு மலடாகி மெல்லச் சாகிறது. நம் நாடு யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழித்தது என்று உலகச் சுகாதார அமைப்பு 2016இல் அறிவித்தது. ஆண்டுக்கணக்கில் வீடு வீடாக மாத்திரை கொடுத்த சுகாதார ஊழியர்களின் உழைப்பு அது. உடலுக்குள் உடல், அதற்குள் இன்னோர் உயிர் என்று பார்க்கத் தெரிந்தால் வைத்தியத்துக்கு ஒரு வழி கூடுதலாகக் கிடைக்கிறது.

பூச்சி கொல்லும் இந்தப் புழுவால் மனிதருக்கு ஆபத்து உண்டா? இவ்வினாவைக் கேட்பது டொக்டரின் கடமை. பயிருக்கு விடும் புழுக்கள் நம் உடற்சூட்டில் வாழ்வதில்லை. ஆனால் போட்டோராப்டஸின் உறவினம் ஒன்று மனித உடற்சூட்டிலும் வளரக்கூடியது. அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் சிலருக்குத் தோற்புண்களை உண்டாக்கியதாகப் பதிவுகள் உள்ளன. அரிது, நுண்ணுயிர்க்கொல்லியால் குணப்படுத்தவும் முடியும். ஆகவே எந்த இனம் என்று உறுதிசெய்துகொண்டே பயன்படுத்த வேண்டும். இயற்கையானது எல்லாம் தீங்கற்றது என்று நாம் சொல்வதில்லை.

இனி நம் மலைக்கு வருவோம்.

இலைகளை ஒட்டிச் சுருட்டிக்கொண்டு உள்ளிருந்து தின்னும் தேயிலைக் குடம்பி ஒன்று ஒருகாலத்தில் தோட்டங்களைப் பாழாக்கியது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது குடம்பிக்குள் முட்டையிட்டுக் கட்டுப்படுத்தியது. கொட்டுகிற குளவிக்குப் பயந்து மலையில் ஓடியவர்கள் நாம். கொட்டாமல் நமக்காக உழைத்த குளவியும் உண்டு. பின்னர் தேயிலைக் கிளையில் துளைபோடும் சிறு வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற கடும் மருந்தை அடித்தார்கள். வண்டோடு சேர்த்து அந்த நல்ல குளவியும் செத்தது. அடங்கியிருந்த இலைச்சுருட்டிக் குடம்பி மறுபடி தலையெடுத்தது. ஒரு பூச்சிக்கு வைத்த நஞ்சு இன்னொரு பூச்சிக்கு வாழ்வு கொடுத்த கதை தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஏடுகளிலேயே பதிவாகியிருக்கிறது.

தேயிலையில் உயிருள்ள மரத்தையே குடையும் கறையான்களும் உண்டு. தாழ்நாட்டில் ஒரு வகை, மேல்நாட்டில் இன்னொரு வகை. தண்டுக்குள்ளே இருப்பதால் மேலே அடிக்கும் மருந்து அவற்றைத் தொடுவதில்லை. பார்க்கப் பச்சையாக இருக்கும் செடி, கவ்வாத்து வெட்டும்போதுதான் உள்ளே கோறையென்று தெரியும். இங்கேதான் நூற்புழுவின் நினைவு வந்தது. தண்டின் உட்புறம் இருட்டு, ஈரம், வெயில் படாத இடம். புழுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. தந்தநாராயண, விதாரண என்ற இரு ஆய்வாளர்கள் தாழ்நாட்டுக் கறையானுக்கு எதிராக ஹெட்டரோராப்டிட்டிஸைப் பயன்படுத்திய ஆய்வை 1987இல் வெளியிட்டார்கள். அதன்பின் எல். டி. அமரசிங்க அவர்கள் மேல்நாட்டுக் கறையான்மீது இப்புழுக்களைச் சோதித்தார். இலங்கை மண்ணில் இவை எங்கெங்கு இருக்கின்றன என்று அவரும் கூட்டாளிகளும் தேடிப் பார்த்த ஆய்வு 1994இல் வந்தது. வெளிநாட்டுப் பெயர்களை மட்டும் கேட்டுவிட்டு இது நம் விஷயம் அல்ல என்று தங்கைமார் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறோம்.

அப்படியானால் ஏன் இன்னும் மருந்துத் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கேட்பீர்கள். காரணங்கள் உண்டு. இந்தப் புழுக்கள் வெயிலில் சாகும், காய்ந்தால் சாகும். போத்தலில் அடைத்துக் கடைத்தட்டில் வருடக்கணக்கில் வைக்க முடியாது. சமவெளிச் சூட்டில் சுறுசுறுப்பாக இருக்கும் இனம் நம் மலைக்குளிரில் சோம்பிப்போகும். இங்கத்தைய மண்ணுக்குப் பழகிய இனத்தைத் தேடியெடுக்க வேண்டும். அதன் பற்றீரியாவும் அதற்குச் சொந்தமானதாக இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் என்ன நடக்கும் என்று சற்றுமுன் பார்த்தோம். ஒரு நாளில் முடியும் வேலை அல்ல. 2021 மே மாதம் இரசாயனப் பசளையையும் மருந்துகளையும் திடீரென்று தடைசெய்து, நவம்பரில் அந்தத் தடையைத் தளர்த்திய அனுபவம் நமக்கு இருக்கிறது. மாற்று வழியைக் கையில் வைத்துக்கொள்ளாமல் பழையதை விட்டால் முதலில் அடிபடுவது நாட்சம்பளக்காரரின் அடுப்புதான்.

இருந்தாலும் மாற்று வழியைத் தேடத்தான் வேண்டும். ஏன் என்று சொல்ல ஒரு கனமான விஷயத்தைத் தொடவேண்டியிருக்கிறது. பயிர் மருந்து பயிரோடு நிற்பதில்லை. அது லயத்துக் காம்பராவுக்கு வருகிறது. 1995இல் நம் நாட்டில் ஓர் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த கணக்குகளில் அதுவும் ஒன்று. அவர்களில் பெரும் பகுதியினரின் உயிரைப் பறித்தது பயிர் மருந்து. 1995இலும் 1998இலும் மிகக் கொடிய மருந்துகள் சிலவற்றை அரசு தடைசெய்தது. 2005இல் அந்தக் கணக்கு 24 ஆகிவிட்டது. 2008க்கும் 2011க்கும் இடையில் இன்னும் மூன்று மருந்துகள் படிப்படியாக நீக்கப்பட்டன. மனக்கஷ்டம் ஊரைவிட்டுப் போய்விட்டதால் அந்த எண் இறங்கவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த நஞ்சின் வீரியம் குறைந்ததால், ஒரு கணத்துக் கோபத்திலும் துக்கத்திலும் தவறான முடிவெடுத்தவர்களைக் காப்பாற்ற எங்களுக்கு அவகாசம் கிடைத்தது. அந்த இரவுகளில் வார்ட்டில் கடமையில் இருந்த தலைமுறை நாங்கள். பிழைத்து எழுந்தவர்களில் பலர் மறுநாள் காலையில் பிள்ளைகளைத்தான் தேடினார்கள். உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ மனப்பாரம் தாங்க முடியாமல் இருந்தால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம். பக்கத்திலிருப்பவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள்.

ஆகவே பூச்சியைக் கொல்லும், ஆனால் மருந்தடிக்கும் தம்பியையும் கொழுந்து எடுக்கும் அக்காவையும் வீட்டிலிருக்கும் பிள்ளையையும் தொடாத ஒரு வழி இருக்கிறதென்றால், அது நமக்கு வெறும் விஞ்ஞானச் செய்தி அல்ல. யாரைக் கொல்வது, யாரை விடுவது என்று தெரிந்த நஞ்சு நம் காலடி மண்ணிலேயே இருக்கலாம். அதைத் தேடும் உரிமையும் அறிவும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

நாங்கள் படித்த காலத்தில் ஒரு நுணுக்குக்காட்டியைப் பார்க்க வகுப்பே வரிசையில் நின்றது. இன்றைக்கும் மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைகள் போதாது. நூற்றாண்டு நினைவாகச் சங்கம் என்ன செய்யலாம் என்று பலரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வளைவு கட்டலாம், மணிக்கூண்டு கட்டலாம். எங்களுடைய ஆலோசனை சிறியது. விஞ்ஞான மன்றத்துப் பிள்ளைகள் இந்தப் புழுவைத் தேடட்டும்.

செலவு அதிகமில்லை. மலையின் வெவ்வேறு இடங்களிலிருந்து, தேயிலையின் கீழும் மரக்கறித் தோட்டத்திலும் காட்டோரத்திலும் ஆற்றங்கரையிலும், ஒவ்வொரு கோப்பை ஈர மண் எடுக்க வேண்டும். மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு, தேன்கூட்டைக் கெடுக்கும் மெழுகு அந்துப்பூச்சியின் குடம்பிகள் ஐந்தை உள்ளே விட்டுக் கவிழ்த்துவைக்க வேண்டும். 1975இலிருந்து உலகம் முழுவதும் செய்யும் முறை இது. சில நாளில் குடம்பி செத்து, நாற்றமில்லாமல், செங்கல் நிறமாகவோ காவி நிறமாகவோ மாறினால் புழு கிடைத்திருக்கலாம். அந்தக் குடம்பியை ஈரத்தாள்மேல் வைத்து, சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி செய்தால், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் இளம் புழுக்கள் தண்ணீருக்குள் இறங்கிவரும். நுணுக்குக்காட்டியில் வைத்தால் நெளிவது தெரியும். செங்கல் நிறக் குடம்பியை இருட்டறைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவும் மறக்கவேண்டாம். கையுறை, காலில் செருப்பு, முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகழுவல் மூன்றும் கட்டாயம். முதற் கூட்டத்துப் புழு இன்னும் மண்ணில் இருக்கலாம்.

ஒன்றும் கிடைக்காமல் போனால் அதையும் எழுதிவையுங்கள். எந்த மண்ணில் இல்லை என்பதும் ஒரு செய்திதான். கிடைத்தால் தலவாக்கலைக்கோ பல்கலைக்கழகம் ஒன்றுக்கோ எழுதிக் கேளுங்கள். பெயர் கண்டுபிடிக்கும் வேலையை அவர்கள் செய்வார்கள். பாடசாலைப் பிள்ளைகளால் என்ன முடியும் என்று யாராவது கேட்டால் ஒரு கதை சொல்லுங்கள். 1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஷைலோ களத்தில் குளிரிலும் மழையிலும் கிடந்த காயக்காரர் சிலரின் புண்கள் இருட்டில் ஒளிர்ந்தன என்றும், அவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. 2001இல் பாடசாலை மாணவர் இருவர் அதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். குளிரில் உடற்சூடு தாழ்ந்ததால் மண்ணிலிருந்த நூற்புழுவின் போட்டோராப்டஸ் புண்ணில் வளர்ந்து, கெட்ட கிருமிகளை அடக்கியிருக்கலாம் என்றார்கள். கருதுகோள்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் துணிவு பாடசாலை வயதில் வந்தது. அவர்களில் ஒருவரின் தாய் அந்தப் பற்றீரியாவைப் படித்த விஞ்ஞானி. வீட்டிலே அம்மா என்ன பேசுகிறார் என்பதும் முக்கியம், கவனியுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் அக்காமாருக்கும் தோழியருக்கும் ஒரு வார்த்தை. லண்டனில் தோட்டக் கடைகளில் இந்தப் புழுக்களைப் பொதியில் விற்கிறார்கள். நல்ல மனதோடு பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்துவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் கொடாது, நியாயமும் அல்ல. அந்நியப் புழுவும் அதன் பற்றீரியாவும் நம் மண்ணிலுள்ள புழுவுக்கு என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும்? கொண்டுவருவதானால் நுணுக்குக்காட்டி கொண்டுவாருங்கள். ஒன்றல்ல, நான்கு வேண்டும். வரிசை குறையட்டும். கொழும்பிலும் கண்டியிலும் பேராதனையிலும் விஞ்ஞானம் படித்தவர்கள் வருடத்தில் ஒரு சனிக்கிழமை வந்து பிள்ளைகளோடு மண் தோண்டினால் அது நன்கொடையைவிடப் பெரிது.

மண்ணை எடுக்க நல்ல காலம் மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து. மண் ஈரமாக இருக்கும், சேறாக இராது. அடுத்த தவணை தொடங்கும்போது முதல் பத்துப் பாத்திரங்களை ஆய்வுகூடத்து யன்னலோரத்தில், வெயில் படாமல் அடுக்கிவையுங்கள் என்று தங்கைமாரைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.